மஞ்சுறங்கியில் மணி விற்றவள்

கேளுங்கள், மடியில் படுத்திருப்பவர்களே. கேளுங்கள், மடி கொடுத்திருப்பவர்களே. கடலில் உப்பு இன்னும் கரைந்து முடியாத காலம் அது. மலைகளுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் வைத்துக்கொண்டிருந்த காலம். அந்தக் காலத்திலே, ஒரு மலையடிவாரத்தில், மருதாயி என்றொரு மணிக்காரி இருந்தாள்.

அவள் புருஷன் கூத்தன் வெண்கலம் வார்ப்பவன். அவன் மணி வார்ப்பான், அவள் கொண்டுபோய் விற்பாள்.

கூத்தன் வாய் திறந்தால் மழை வரும் என்று ஊரார் கேலி பேசுவார்கள். அவ்வளவு அபூர்வம் அவன் பேச்சு. மருதாயி வாய் திறந்தாலோ பெய்கிற மழையும் நின்றுவிடும். நடுவே பேச அதற்கு இடம் கிடைக்காது.

சந்தையில் யாராவது அவள் பக்கம் திரும்பினால் போதும்.

“என் மணி அரண்மனை யானையின் கழுத்தில் ஆடிய மணி! என் மணி ஏழு குன்று தாண்டிக் கேட்கும் மணி! என் மணி உங்கள் பேரன் பேத்தி காலத்திலும் பேசும் மணி!”

கேட்பவருக்கு மூச்சு முட்டும். சிலர் வாங்குவார்கள். பலர் தப்பித்தோம் என்று நழுவுவார்கள். ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வந்ததாக அவளுக்கு நினைவில்லை.

அவள் ஏன் அப்படிப் பேசினாள் தெரியுமா? அது கூத்தனுக்குக்கூடத் தெரியாது. ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு அவள் பயந்தாள். யாராவது ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் அது கிணற்றில் விழுந்த கல்லைப்போல அவள் நெஞ்சுக்குள் போய்க்கொண்டே இருக்கும். மணியை வேண்டாம் என்றார்களா, தன்னையே வேண்டாம் என்றார்களா என்று அன்று முழுவதும் மறுகுவாள். அந்தச் சொல் வருகிற வழியை அடைக்கத்தான் அத்தனை பேச்சும்.

அப்படி இருக்கையில் அரசன் தன் யானைகளை எல்லாம் வடக்கு எல்லைக்கு ஓட்டிக்கொண்டு போனான். யானை போயிற்று. யானைப்பாகரும் போனார்கள். யானைமணிக்கு ஆள் இல்லை. கூத்தனின் உலை ஆறியது. உலை ஆறினால் அடுப்பு எத்தனை நாள் எரியும்?

“மலைமேலே மாடு வளர்க்கிறார்களாம். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்” என்றாள் மருதாயி.

கூத்தன் தலையை ஆட்டினான். பொதிமாட்டின் முதுகில் மணிச்சாக்கை ஏற்றிக் கட்டிக் கொடுத்தான்.

மலைமேல் இருந்த அந்த ஊருக்கு மஞ்சுறங்கி என்று பெயர். மஞ்சு என்றால் மேகம். வானத்தில் அலைந்து களைத்த மேகமெல்லாம் அங்கேதான் வந்து படுக்குமாம். காலையில் அது மெல்லப் புரண்டு எழுந்திருக்கும். எழும்போது முதலில் ஒரு மரத்தின் உச்சி தெரியும். பிறகு ஒரு கூரை. பிறகு ஒரு பசுவின் முகம் மட்டும், உடம்பில்லாமல், வெள்ளையில் மிதந்து அசைபோடும். அந்த ஊரில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. தூங்குகிற மேகத்தை எழுப்பக்கூடாது என்பதுபோல எல்லாரும் மெதுவாகத்தான் பேசினார்கள்.

அந்த ஊருக்குள் மருதாயி தன் சந்தைக் குரலோடு நுழைந்தாள்.

முதல் வீடு வேலம்மை வீடு. புருஷனை இழந்தவள், அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு பசு. மருதாயி மணியின் பெருமையை எல்லாம் சொல்லி முடித்தாள். வேலம்மை சொன்னாள்: “வேண்டாம்.”

இரண்டாவது வீடு காரி வீடு. பெரிய மந்தைக்காரன், முன்கோபி. மருதாயி மறுபடியும் எல்லாம் சொன்னாள். காரி சொன்னான்: “வேண்டாம்.”

மூன்றாவது வீடு நாச்சி வீடு. நாச்சிதான் அந்த ஊரின் மூப்பத்தி. அவள் சொல்லைத் தாண்டி அங்கே ஒரு கன்றும் நகராது. நாச்சி கதவைப் பாதி திறந்தாள், சாக்கில் கிலுங்கிய சத்தத்தைக் கேட்டாள், முகம் வெளுத்தாள்.

“வேண்டாம்.”

கதவு சாத்திக்கொண்டது.

மூன்று கல் மருதாயியின் நெஞ்சுக்குள் விழுந்தன. பொதிமாட்டைத் திருப்பிக்கொண்டு மலையிறங்கினாள். பாதி வழியில் ஓர் ஓடை. அங்கே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் பாறையில் உட்கார்ந்தாள். பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறி வந்து அவள் பாதத்தை மூடியது, மடியை மூடியது. எதிர்க்கரை மறைந்தது. உலகத்தில் அவளும் ஓடைச் சத்தமும் மட்டும் இருப்பதுபோல ஆயிற்று.

அவளுக்கு அழுகை வந்தது, அதன் பின்னாலேயே கோபமும் வந்தது. எழுந்து நின்று அந்த வெள்ளையைப் பார்த்து, “இதில் என்ன குறை கண்டீர்கள்? வாங்கினால் தெரியுமே என் மணி!” என்று கத்தினாள்.

எதிரே எங்கேயோ ஒரு பாறைச்சுவர். அது திருப்பிச் சொன்னது:

“என் மணி... என் மணி... என் மணி...”

மருதாயி திகைத்து நின்றாள். அது அவள் குரல்தான். ஆனால் வெளியே நின்று அதை அவள் கேட்டது அதுவே முதல் தடவை. எத்தனையோ சந்தைகளில் எத்தனையோ பேர் காதில் விழுந்தது இதுதானா?

உட்கார்ந்து யோசித்தாள். வேலம்மையின் பசு என்ன நிறம்? தெரியாது. காரிக்கு என்ன கவலை? தெரியாது. நாச்சியின் முகம் ஏன் வெளுத்தது? அதுவும் தெரியாது. மூன்று வீட்டு வாசலில் நின்று மூச்சுவிடாமல் பேசியவள் ஒரு வீட்டிலும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

“வேண்டாம் என்றார்கள், சரி. ஏன் வேண்டாம் என்று சொல்லவே இல்லையே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சற்றுப் பொறுத்து, “நீ கேட்டால்தானே சொல்வார்கள்” என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மணிச்சாக்கை மரத்தடியில் இறக்கி வைத்தாள். மாட்டை நிழலில் கட்டினாள். வெறுங்கையோடு மறுபடி மலையேறினாள்.

வேலம்மை பசுவுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தாள். மருதாயியைக் கண்டதும் அவள் முகம் சுருங்கியது.

“விற்க வரவில்லை தாயி. சாக்கைக் கீழேயே வைத்துவிட்டேன். காலையில் வேண்டாம் என்றீர்களே, ஏன் என்று கேட்டுப்போக வந்தேன்.”

வேலம்மை தீனிக்கூடையைக் கீழே வைத்தாள். பிறகு பசுவின் கழுத்தைத் திருப்பிக் காட்டினாள். அங்கே மயிர் உதிர்ந்து, பழைய புண் ஆறிய வடு இருந்தது.

“எங்கள் மலைமாடு சின்ன மாடு. உங்கள் மணி யானைக்கு வார்த்தது. போன வருஷம் ஒரு வியாபாரி இப்படித்தான் ஒன்றைக் கட்டிவிட்டுப் போனான். புண் ஆறும்வரை இவள் பாலே தரவில்லை. எனக்கு இவள்தானே எல்லாம்?”

மருதாயி அந்த வடுவைத் தொட்டுப் பார்த்தாள். நெஞ்சுக்குள் கிடந்த கல்லில் ஒன்று கரைந்ததுபோல இருந்தது. அந்த ‘வேண்டாம்’ அவளுக்குச் சொன்னதே அல்ல. ஒரு பசுவுக்காகச் சொன்னது.

காரி வீட்டுக்குப் போனாள். அவன் முறைத்தான்.

“ஏன் வேண்டாமா? சிறுத்தைக்கு விருந்து வைக்கச் சொல்கிறாயா? காட்டோரம் மேய்கிற மாட்டுக்கு மணி கட்டினால், ‘இதோ இங்கே இருக்கிறேன்’ என்று சிறுத்தையைக் கூப்பிடுகிற மாதிரி அல்லவா? இரண்டு கிடாரியை அப்படித்தான் பறிகொடுத்தேன்.”

“அப்படியானால் மணியே கூடாதா ஐயா?”

“மேய்கிறபோது கூடாது. மஞ்சு இறங்கும்போது இல்லாமலும் முடியாது. அதுதானே சங்கடம்!” என்று காரி கையை விரித்தான். அவனுக்கே தெரியாமல் குரல் தணிந்திருந்தது.

கடைசியாக நாச்சி வீடு.

நாச்சி இந்த முறை கதவைச் சாத்தவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து மோர் கொடுத்தாள். ஆனால் ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மஞ்சு மெல்ல நடந்துகொண்டிருந்தது.

மருதாயியின் நாக்கு துடித்தது. மௌனம் அவளுக்குப் பழக்கமில்லை. ஏதாவது சொல்லலாமா? மணியின் கதையைச் சொல்லலாமா? வாய்வரை வந்ததை மோரோடு விழுங்கினாள். மோர் தீர்ந்தது. அதன்பிறகும் சும்மா இருந்தாள். அவள் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே கடினமானது அதுதான்.

வெகு நேரம் கழித்து நாச்சி பேசினாள். சன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

“போன வருஷம் ஒரு வியாபாரி வந்து ஊருக்கெல்லாம் மணி விற்றான். எல்லாம் ஒரே அச்சு, ஒரே குரல். மஞ்சு மாதத்தில், மந்தைக்கு முன்னால் நடக்கிற எங்கள் முன்மாடு திரும்பவில்லை. என் வீட்டுக்காரர் தேடிப்போனார். அதோ நம் மணி கேட்கிறது என்று சொல்லிவிட்டு அந்தச் சத்தத்தின் பின்னாலேயே போனார். அது எங்கள் மாடு இல்லை. வேறு யாருடைய மாடோ, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறது. அவர் நடுவில் பள்ளம் இருப்பதைப் பார்க்கவில்லை.”

மருதாயி ஆறுதல் சொல்லவில்லை. நாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். விளக்கேற்றும் வேளைவரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அடிவாரத்துக்குத் திரும்பியதும் கூத்தனிடம் சொன்னாள்: “சின்னதாக வேண்டும். வேண்டாதபோது சத்தம் போடாமல் கட்டிவைக்க, மணிநாக்குக்கு ஒரு தோல்வார் வேண்டும். வீட்டுக்கு ஒரு குரல் வேண்டும், ஒன்று போல ஒன்று இருக்கக்கூடாது.”

கூத்தன் கேட்டான்: “வாங்குகிறோம் என்றார்களா?”

“இல்லை.”

“விலை பேசினார்களா?”

“இல்லை.”

“பிறகு என்னதான் சொன்னார்கள்?”

“ஏன் வேண்டாம் என்று சொன்னார்கள்.”

கூத்தன் அவளை உற்றுப் பார்த்தான். பிறகு, விற்காமல் கிடந்த யானைமணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உருக்கும் மூசையில் போட்டான். அவை போனால் வீட்டில் வேறு வெண்கலம் இல்லை. இது பலிக்காவிட்டால் ஊரை விட்டே கிளம்ப வேண்டியதுதான். இருவருக்கும் அது தெரியும்.

உலை மறுபடி சிவந்தது. ஒரு மணிக்குச் செம்பைக் கூட்டினான், குரல் கனத்தது. ஒன்றுக்கு வெள்ளீயத்தைக் கூட்டினான், குரல் மின்னியது. ஒன்றுக்கு வாயை அகட்டினான், ஒன்றுக்குக் குறுக்கினான். சிலவற்றுக்கு வெண்கல நாக்கு, சிலவற்றுக்குக் கொம்பு நாக்கு, சிலவற்றுக்கு மர நாக்கு. வேலை நடந்த நாளெல்லாம் அந்த வீட்டிலிருந்து புதுப்புதுப் பறவைகள் கத்துவதுபோலச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

மஞ்சு மாதம் பிறக்கும் முன்னே மருதாயி மலையேறினாள். இந்தத் தடவை கூத்தனும் கூட வந்தான்.

ஊர் கூடியது. மருதாயி ஒன்றும் புகழவில்லை. மணிகளைக் கம்பளியில் பரப்பி, “ஆட்டிப் பாருங்கள். உங்கள் காதுக்கு எது உங்கள் வீடு என்று படுகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்” என்றாள். ஆளுக்கு ஒன்றாக எடுத்து ஆட்டினார்கள். கிழவர்கள் கனத்த குரலை எடுத்தார்கள். புதுமணப்பெண் ஒருத்தி கொலுசு போலக் கிணுகிணுத்ததை எடுத்து வெட்கப்பட்டாள். வேலம்மை மர நாக்கு மணியை எடுத்தாள். காரி கொம்பு நாக்கு மணியை எடுத்தான்.

நாச்சி எதையும் எடுக்கவில்லை. ஒதுங்கி நின்று சொன்னாள்: “எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பாறைக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு மணியாக ஒலிக்கட்டும். தன் வீட்டு மணியைத் தெரிந்தவர் கை தூக்கட்டும். ஒருவர் தவறினாலும் இந்த ஊரில் மணி இல்லை.”

ஒலித்தார்கள். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு கை எழுந்தது. ஒரு கைகூடத் தவறவில்லை. மஞ்சுறங்கியில் முதல்முறையாக எல்லாரும் உரக்கச் சிரித்தார்கள். மணிகளுக்கு விலையாகத் தேன்குடுக்கைகளும் நெய்க்கலயங்களும் வீடுகளிலிருந்து வரத் தொடங்கின. கூத்தன் முகத்தில் வெயில் அடித்தது.

அப்போது சிறு தூறல் விழுந்தது. குழந்தைகள் மணிகளை ஆட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். மருதாயிக்குக் காது கூர்ந்திருந்த காலம் அது. ஏதோ உறுத்தியது. வேலம்மையின் மணியை வாங்கி ஆட்டினாள். காரியின் மணியை ஆட்டினாள். மறுபடியும் ஆட்டினாள்.

நனைந்த மர நாக்கு ஊறிப்போய், கொம்பு நாக்கைப் போலவே பேசியது.

வேறு யாரும் கவனிக்கவில்லை. சோதனை முடிந்துவிட்டது. தேன் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டால் எல்லாம் சுபம். வாயைத் திறந்தால் அந்தப் பழைய சொல், ‘வேண்டாம்’, இந்தத் தடவை ஊர் முழுவதும் சேர்ந்து சொல்லும். மருதாயி கூத்தனைப் பார்த்தாள். அவனும் கேட்டுவிட்டான் என்று அவன் முகம் சொன்னது. அவன் மெல்லத் தலையை அசைத்தான்.

“மூப்பத்தி அம்மா” என்றாள் மருதாயி. இரண்டு மணிகளையும் உயர்த்திப் பிடித்தாள். “இந்த இரண்டும் ஈரத்தில் ஒன்று போல ஒலிக்கின்றன. மஞ்சில் நனைந்தால் யார் மாடு என்று தெரியாது. குறை எங்கள் வேலையில்தான். இவற்றைச் சேர்த்துத் தர மாட்டேன்.”

சிரிப்பு நின்றது. நாச்சியின் முகம் முதல்நாள் வெளுத்ததுபோல வெளுத்தது.

“மற்ற மணிகள்?”

“மற்றவற்றை நாங்கள் நனைத்துப் பார்த்ததில்லை அம்மா. இப்போதே, உங்கள் எதிரிலேயே பார்ப்போம்.”

தொட்டியில் ஒவ்வொரு மணியாக முக்கி, நாக்கு ஊறும்வரை காத்திருந்து, மறுபடி ஒலித்தார்கள். மறுபடி கைகள் எழுந்தன. மற்ற மணி ஒன்றும் பிசகவில்லை. அந்த இரண்டு மட்டும்தான்.

காரி தொண்டையைக் கனைத்தான். முன்கோபி அல்லவா, ஏதோ கத்தப்போகிறான் என்று எல்லாரும் பார்த்தார்கள்.

“என்னுடையது பெரிய மந்தை. தேட நாலு ஆள் இருக்கிறோம். அவளுக்கு ஒரே பசு. மணி அவளிடமே இருக்கட்டும். எனக்கு வேறு செய்து கொடு, காத்திருக்கிறேன்.”

நாச்சி சரியென்று தலையை ஆட்டினாள். வேறு மணி வார்க்க இருவரும் மலையிறங்குவதற்குள் மஞ்சு வந்துவிட்டது.

காலையில் மேயப்போன மாடுகள் புல்வெளியில் இருந்தன. வானம் வெளுத்தது. பிறகு வானமே இல்லை. மரம் மறைந்தது, கூரை மறைந்தது, நீட்டிய கையின் விரல் மறைந்தது. ஊரார் ஊர் எல்லைக்கு வந்து வரிசையாக நின்றார்கள். அருகில் நிற்பவர் முகம் தெரியாமல் நின்றார்கள். மருதாயியும் நின்றாள். சிறுவர்கள் முன்பே ஓடிப்போய், மணிநாக்குகளின் தோல்வாரை அவிழ்த்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ வெகு தொலைவில், கனவுக்குள்ளே யாரோ கூப்பிடுவதுபோல, ஒரு மணி. பிறகு இன்னொன்று. கனத்தது ஒன்று, மின்னியது ஒன்று, கொலுசு போன்றது ஒன்று. வெள்ளைக்குள்ளே குரல்கள் பூப்பதுபோல இருந்தது.

“எங்களுடையது!” என்றது ஒரு குரல். “இதோ எங்களுடையது!” என்றது இன்னொரு குரல். பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மாடுகள் வெள்ளையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிறந்து வந்தன.

வேலம்மையின் மணி மட்டும் பள்ளத்துப் பக்கம் கேட்டது. அது ஒரு குரல்தான், குழப்ப இன்னொன்று இல்லை. “அது நின்ற இடத்திலேயே ஒலிக்கிறது. வழி தெரியாமல் நிற்கிறாள்” என்றாள் வேலம்மை. மருதாயி ஒரு கயிற்றின் நுனியை அவள் இடுப்பில் கட்டி, மறுநுனியைக் காரியிடம் கொடுத்து, தானும் கூட நடந்தாள். தரையைத் தடவித் தடவி, குரலை மட்டும் நம்பி நடந்தார்கள். பசுவின் சூடான மூச்சு முகத்தில் பட்டது. வேலம்மை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். காரி கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொடுக்க, அந்தத் திசையிலேயே திரும்பினார்கள். பசு மணியை ஆட்டிக்கொண்டு பின்னால் வந்தது.

அதன் பின்னால் இன்னொரு மாடு வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. காரியின் மந்தை முழுவதும், மணியில்லாத மந்தை, அந்த ஒற்றைப் பசுவின் மணியைக் கேட்டுக் கேட்டுப் பின்தொடர்ந்து ஊருக்குள் வந்து சேர்ந்தது.

காரி கயிற்றைப் போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

மஞ்சு விலகியபோது நாச்சி மருதாயியிடம் வந்தாள்.

“எனக்கும் ஒரு மணி வேண்டும்.”

“எப்படிப்பட்ட குரலில் வேண்டும் அம்மா?”

“அவர் சிரித்தால் ஒரு சத்தம் வரும். அதற்குக் கொஞ்சம் பக்கத்தில்.”

மருதாயி தன் மணியைப் புகழவில்லை, விலையும் பேசவில்லை. புல்தரையில் நாச்சியின் அருகே உட்கார்ந்தாள். கூத்தனையும் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“சொல்லுங்கள் அம்மா, அவர் எப்படிச் சிரிப்பார்?”

நாச்சி சொல்லத் தொடங்கினாள்.

ஆகவே கேட்டவர்களே: ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு அஞ்சி ஓடாமல் அதன் காரணத்தைக் காது கொடுத்துக் கேட்டு, தன் பொருளின் குறையைத் தானே முதலில் சொல்பவருக்குத்தான் தொழில் கைகூடும்.